மே ஆறு, காலை எட்டு மணி

"வீல்ல்ல்...!"

ப்ரைலா நகரக் கலைக்கூடத்தின் முதல் மாடியே அதிர்ந்தது!

அலறியவள் இலிங்கா. வயது இருபத்தொன்பது. வரும் ஞாயிறு அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வலேரியு பக்கத்திலேயே நின்றான். போன வருஷம் வரை அவள் அக்கா ஸ்மராந்தாவின் புருஷன்!

அக்கா போன வருஷ டான்யூப் ஆற்று வெள்ளத்தில், வீட்டு நிலவறையில் புகுந்த தண்ணீரில் மூழ்கிச் செத்தாள். அந்த வெள்ளத்தின் புகைப்படங்கள்தான் இப்போது சுவரெல்லாம்.

மூலையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த காவல்கார அம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இங்க சத்தம் போடக்கூடாது."

வலேரியு இலிங்காவின் தோளைத் தொட்டான். "என்னடி ஆச்சு?"

"அத்தான்... அது உங்க வீடு!"

படத்தில், முழங்கால் தண்ணீரில் தெரு. திறந்த ஜன்னல். உள்ளே ஆளுயரக் கண்ணாடி... அதன் மேல் வெள்ளைத் துணி!

"இருந்துட்டுப் போகட்டுமே. வா, காபி குடிக்கலாம்."

"கண்ணாடிய மூடியிருக்கு அத்தான்."

"சாவு வீட்ல மூடத்தானே செய்வாங்க? மூடலேன்னா செத்தவங்க அதுக்குள்ளயே தங்கிடுவாங்கன்னு உங்கம்மாவே சொல்லுவாங்களே!"

"கீழ எழுதியிருக்கறதப் படிங்க."

படித்தான். 'மே 6, காலை 8 மணி.'

இலிங்கா படத்தை உற்றுப் பார்த்தாள். அந்தத் துணிக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள்... அவள் மூச்சு விட்டால் துணி அசையும் என்று தோன்றியது.

"ஆறாந்தேதி ஒம்போது மணிக்கு நீங்க கெளம்பறப்போ அக்கா வாசல்ல நின்னு கை காட்டினான்னு போலீஸ்ல சொன்னீங்க. எட்டு மணிக்கே அந்த வீட்ல யாரு செத்தா?"

அவன் வாசல் பக்கம் நகர்ந்தான். இலிங்கா குறுக்கே வந்து நின்றாள்.

"சொல்லுங்க அத்தான்! ஞாயித்துக்கிழமை நான் யாரு கையப் புடிக்கப் போறேன்?"

அவன் படத்திலிருந்த வெள்ளைத் துணியை விரலால் தொட்டான்.

"எடுத்துட்டேனே..." என்று முனகினான். "கெளம்பறதுக்கு முன்னால துணிய எடுத்துட்டேனே!"

"ஏன் மூடினீங்க?"

"பயம்டி! அவளத் தண்ணிக்குள்ள அமுக்கினப்போ கூட பயமில்ல. நெலவறையிலேர்ந்து நான் மேல வந்தா... கண்ணாடில அவ! தலை சொட்டச் சொட்ட என்னையே பார்த்தா! இப்பவும் வரா... ஷேவ் பண்றப்பெல்லாம் வரா..."

இலிங்கா வாய்விட்டு அழுதாள். பாவி! இவனுக்கா ஒரு வருஷம் பரிதாபப்பட்டு சூப் காய்ச்சிக் கொடுத்தேன்?

'க்ளாங்!'

பின்னல் ஊசிகள் தரையில் விழுந்தன. காவல்கார அம்மாள் எழுந்தாள். பாதி ஸ்வெட்டருக்குள்ளிருந்து துப்பாக்கி எட்டிப் பார்த்தது!

"இன்ஸ்பெக்டர் டெஸ்பினா. ஒரு வருஷமா உங்களால எனக்குத் தூக்கமில்ல சார். இப்ப பேசினது பூரா பதிவாயிருக்கு. இந்தக் கண்காட்சிக்கு உங்க ரெண்டு பேருக்கும் அழைப்பிதழ் அனுப்பினதும் நான்தான்."

"அந்தப் படம்..." என்று இழுத்தான் வலேரியு.

"ஏழாந்தேதி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து முறைப்படி கண்ணாடிய மூடினதுக்கு அப்புறம்! தேதிச் சீட்ட மட்டும் நான் மாத்தி ஒட்டினேன். கொலைகாரனுக்கும் பேய் பயம் இருக்குமான்னு சும்மா கல்ல விட்டுப் பார்த்தேன்."

வலேரியு கத்தினான். "தேதிய மாத்தி ஒட்டறது மோசடி! நான் புகார் பண்ணுவேன்!"

விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.

"தாராளமா! வாசல்ல வருகையாளர் புத்தகம் இருக்கு. விலங்கோடயே ரெண்டு வரி எழுதிட்டு வாங்க சார்!"