மருதையன் மாட்டின் நெறி

ஜன்னல் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த சிறு கண்ணாடியில் விழும் வெயிலை யாரோ மறைத்தார்கள்.

டாக்டர் தியாகேசன் தலையைத் தூக்கிப் பார்த்தார். பகல் மூன்று மணி. நன்னிலத்து மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் அறுத்துப் போட்ட வயலில் நெல்தாளின் வாசனையும் மேசைமேல் திறந்திருந்த ஸ்பிரிட் நெடியும் கலந்து கிடக்க, வேப்பமரத்தில் கட்டியிருந்த காளை ஒவ்வொரு மூச்சுக்கும் கரகரத்தது. அதன் தாடைக்கடியில் இரண்டு பக்கமும் தேங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அதில் ஊசியைக் குத்தி உறிஞ்சிய துளியை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, இப்போதுதான் லென்ஸுக்கடியில் வைத்திருந்தார்.

"காய்ச்ச நெறிதானுங்களே டாக்டரய்யா? மருந்து போட்டா எந்திரிச்சிரும்ல?" வாசற்படியில் நின்ற ரெத்தினம் கேட்டாள். "ஜோடியில ஒண்ணு போன மாசமே போயிருச்சு. அவுரு போனப்பறம் இந்த ஒத்தை மாடுதான் எனக்குச் சோறு."

அவுரு என்றால் அவள் புருஷன் மருதையன். போன குறுவை அறுப்பில் கூலித் தகராறு முற்றி, மிராசுதாரின் ஆட்கள் அவனை வாய்க்கால் கரையில் சாய்த்தபோது, தியாகேசன் சைக்கிளைப் போட்டுவிட்டு மூங்கில் புதருக்குப் பின்னால் ஒண்டியிருந்தார். மருதையனின் இடது புருவத்துக்கு மேல் அரிவாள் இறங்கியதைக் கண்ணால் கண்டார். போலீசிடம், "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றார்.

மறுபடி லென்ஸின்மேல் குனிந்தார். காய்ச்சல் நெறியென்றால் சந்தைக் கூட்டம்போலச் சிறிதும் பெரிதுமாகப் பலவகை உயிரணுக்கள் கலந்திருக்கும். கெட்ட நெறியென்றால், அதாவது புற்றென்றால், ஒரே சாயலாகப் பெருகி நிற்கும். பிறகு மருந்துக்கு வேலை இல்லை.

ஒரே சாயல். ஊதா உருண்டைகள், நெருக்கியடித்துக்கொண்டு. ஒவ்வொன்றிலும் இடது மேலோரத்தில் ஒரு வெட்டு.

ஸ்லைடை நகர்த்தினார். வெட்டு. இன்னும் நகர்த்தினார். அதே இடம். அதே சாய்வு.

"என்னங்க தெரியுது?"

"ஒண்ணும்... ஒண்ணும் தெரியலம்மா."

ரெத்தினம் படியேறி உள்ளே வந்தாள்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. சைக்கிள் மட்டும் கரையில கெடந்துச்சு."

வெளியே கரகரப்பு நின்றது. ரெத்தினம் மாட்டிடம் ஓடினாள்.

வெயில் மறைந்தது. இம்முறை முழுக்க. கண்ணாடி கறுத்தது. அவர் கண்ணை எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. வெளிச்சமே இல்லாத அந்த வட்டத்துக்குள் அத்தனை உருண்டைகளும் பளிச்சென்று தெரிந்தன.

மெல்ல அசைந்தன.

எல்லாம் சேர்ந்து அவர் பக்கம் திரும்பின.

வெட்டுகள் கசியத் தொடங்கின. ஊதாவாக அல்ல. சிவப்பாக.