மைக் செட் ஊதிய விசில்

அந்த விதியைச் சொன்னதே அவள்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

போன மாதம் விளையாட்டு மன்றக் கூட்டத்தில் டீச்சர் கேட்டார். "கால்பந்துல நடுவரோட சண்டை போடுறவங்களை என்ன பண்ணலாம்?"

அவள் துள்ளி எழுந்தாள். "அஞ்சு நிமிஷம் வெளியே உக்கார வைங்க டீச்சர்! அடுத்த மேட்ச்சுக்கு அவங்களே விசில் ஊதட்டும். அப்பத்தான் தெரியும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த விதியில் முதலில் மாட்டியவளும் அவள்தான். ஏழாம் வகுப்பில் அவளுக்கு 'மைக் செட்' என்று சும்மாவா பட்டப்பெயர் வைத்தார்கள்? திங்கட்கிழமை ஆட்டத்தில் நடுவரைப் பார்த்து, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவள் கத்தியது கடைசி வகுப்பறை வரைக்கும் கேட்டது.

"புதன்கிழமை அஞ்சாம் வகுப்பு மேட்ச். நீதான் நடுவர்" என்றார் டீச்சர். "சண்டை இல்லாம முடிச்சா வெள்ளிக்கிழமை பைனல்ல ஆடலாம். சண்டை வந்துச்சுன்னா நீ ஆட முடியாது."

ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவில்தான் அவள் தம்பி படிக்கிறான். அந்த அணியில் நன்றாகப் பந்து உதைப்பவனும் அவன்தான்.

புதன் காலை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வயித்து வலியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. விசில் வலி."

"அக்கா, எங்க பக்கம் கொஞ்சம் பாத்து ஊதுக்கா" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு சாப்பிடுடா!"

மைதானத்தில் அவள் ஊதிய முதல் விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது.

பந்து ஒரு பக்கம் ஓடியது. அவள் இன்னொரு பக்கம் ஓடினாள். எதைப் பார்ப்பது, யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. 'ஆ' பிரிவு ஒரு கோல் போட்டது. இன்னும் நான்கு நிமிடம். ஒரு சண்டையும் வரவில்லை. வந்துவிடக் கூடாதே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அப்போது தம்பி கோலை நோக்கி ஓங்கி உதைத்தான். முன்னால் நின்ற 'ஆ' பிரிவுக் கண்ணாடிக்காரப் பையன் மேல் பட்டுப் பந்து வெளியே போனது. எங்கே பட்டது? அவளுக்கு யாருடைய முதுகோதான் தெரிந்தது.

"கையில பட்டுச்சு! கை! பெனால்டி!" தம்பி முகம் சிவக்க ஓடிவந்தான். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய வசனமேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"இப்ப என்னக்கா பண்ணுவீங்க?" என்றான் 'ஆ' பிரிவுக் கேப்டன். "தம்பின்னா விட்டுடுவீங்களா?"

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தம்பியை வெளியே அனுப்பினால் வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அனுப்பாவிட்டால் இங்கே கைகலப்பாகிவிடும்.

"வெளியே போய் உக்காருடா" என்றாள். "அஞ்சு நிமிஷம்."

தம்பி நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு புல்லை உதைத்தபடி போனான்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. கத்தியது தப்பு, சரி. அதற்காக அவன் சொன்னது பொய்யாகிவிடுமா? அவள் கண்ணாடிக்காரப் பையனிடம் போனாள்.

"தம்பி, நான் சரியாப் பாக்கல. என்மேலதான் தப்பு. பந்து உன் கையில பட்டுச்சா? நீ சொல்றதுதான்."

அவன் தன் ஷூவைப் பார்த்தான். தன் கேப்டனைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டான்.

"பட்டுச்சுக்கா" என்றான் மெதுவாக. "தெரியாமத்தான் பட்டுச்சு."

அவள் பெனால்டி கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. ஆனால் உதைக்க வேண்டிய தம்பி கோட்டுக்கு வெளியே அல்லவா உட்கார்ந்திருந்தான்! வேறொருவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. 'அ' பிரிவு தோற்றது. ஆனால் கைகலப்பு இல்லாமல் ஆட்டம் முடிந்ததால், அவள் பைனலில் ஆடலாம் என்றார் டீச்சர்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தம்பி சொன்னான். "அம்மா, தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு, அந்த நடுவரை."

வியாழனும் அப்படியே போனது. வெள்ளி காலை அவனுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. விதி விதிதானே! அடுத்த ஆட்டம் பைனல். அதற்கு விசில் ஊதப்போவது அவன்தான்.

"அக்கா" என்றான், இரண்டு நாளுக்குப் பிறகு. "மொத தடவை காத்துதான் வருமா?"

"ஆமாடா. ரெண்டாவது தடவை வந்துடும். பயப்படாத."

பைனலில் அவளும் எதிரணியில் ஒருத்தியும் பந்துக்குப் பாய்ந்தார்கள். அந்தப் பெண் தானாகவே தடுக்கி விழுந்தாள். விசில் ஒலித்தது. "பவுல்!" என்று தம்பியின் விரல் அக்காவை நோக்கி நீண்டது.

மைக் செட் வாயைத் திறந்தாள். மைதானம் மொத்தமும் காத்திருந்தது. தம்பியின் கையில் விசில் நடுங்கியதை அவள் பார்த்தாள்.

பந்தை எடுத்து, எழுந்து நின்ற அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தாள்.

"சரி, சார்" என்றாள்.