நாற்பத்து மூன்று பேருக்குப் பிறகு

முன்கூட்டியே போன் செய்யாமல் வந்திருக்கிறேன், இந்த ஒன்றையாவது இந்தத் தடவை சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் தீயணைப்புத் துறை ஆய்வாளர் அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு வந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு போன் செய்துவிட்டு வந்திருந்தாள். ஒரு மரியாதைக்காக. அன்று இந்தத் தையல் ஆலையின் பின்படிக்கட்டுக் கதவு தொட்டதும் திறந்தது. படிவத்தில் டிக் போட்டுவிட்டுப் போனாள். துணி திருட்டுப் போகிறதென்று அந்தக் கதவை எப்போதும் பூட்டியே வைப்பார்கள் என்பதும், அவளுடைய போனுக்காகத்தான் அன்று பூட்டைக் கழற்றினார்கள் என்பதும் பதினோரு நாள் கழித்து மூன்றாம் மாடி பற்றி எரிந்தபோதுதான் தெரிந்தது. கதவுக்கு உள்பக்கம் ஆறு பெண்கள் கிடந்தார்கள். அவள்மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தக் காகிதத்தை அவள் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை.

"என்ன மேடம், சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க? ஒரு போன் போட்டிருந்தா எல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிருப்பேனே" என்றார் மேலாளர். தீ விபத்துக்குப் பிறகு சேர்ந்தவர்.

"அதனாலதான் போடல."

அவர் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். "தற்காலிக அனுமதி இன்னையோட முடியுது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நாளைக்கு இவங்களுக்கு வேலை."

குறை சொல்ல ஒன்றுமில்லை. தீயணைப்பான்கள் காலாவதித் தேதி தாண்டாமல் தொங்கின. புகை மணி வேலை செய்தது. புது பெயிண்ட் வாசனைக்கு அடியில் மட்டும், இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டதுபோல் ஒரு கருகல் வாசனை இருந்தது. பின்கதவில் தாழ்ப்பாளே கிடையாது, இடுப்பால் தள்ளினால் திறக்கும். ஐந்து முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

ஆறாவது முறை, அவள் கை படுவதற்கு முன்பே கதவு விலகியது.

"காத்து மேடம்" என்றார் மேலாளர்.

அந்தப் படிக்கட்டில் ஜன்னல் இல்லை.

"ஒத்திகை பாத்துடலாம். இப்பவே" என்றாள். அவளுடைய முறை இதுதான்: எல்லோரும் பின்படி வழியாக இறங்க வேண்டும், கடைசிப் படியில் கால் வைக்கும்போது ஆளுக்கொரு எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கு சரியென்றால் அவள் கைமணியை அடிப்பாள். மணி அடித்ததும் இறங்கினவர்கள் அத்தனை பேரும் மேலே வேலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பிற்பகல் வெயிலில், படிக்கட்டின் அடியில் படிவத்தோடு நின்றாள். மேலே கால்கள் திமுதிமுவென்று கிளம்பின.

"சட்டைக் கை பாதியில ஊசியிலேயே நிக்குதுடி, வந்து பிரிச்சுத்தான் தைக்கணும்."

"மெதுவா வா, இது நெசம் இல்ல."

"நீ இறங்குற வேகத்துக்கு நெசமாவே பத்திக்கிட்டாலும், நீ வர்றதுக்குள்ள தானா அணைஞ்சிடும்."

சிரித்துக்கொண்டே எண் சொன்னார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கோடு போட்டாள். கடைசியாக வந்தவள் மேற்பார்வை பார்க்கும் அக்கா, இந்த ஆலையில் இருபது வருடம் இருப்பவள்.

"நாப்பத்திமூணு. அவ்வளவுதான் மேடம். கழிப்பறை வரைக்கும் பாத்துட்டேன், மேல யாரும் இல்ல."

வருகைப் பதிவிலும் நாற்பத்து மூன்றுதான். ஆய்வாளர் பேனாவை மூடப் போனாள்.

மேலே ஒரு காலடி.

வெறுங்கால். மெதுவாக, ஒவ்வொரு படியாக.

"நாப்பத்திநாலு."

கடைசிப் படியில் யாரும் இல்லை. சூடான காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு முற்றத்துக்குப் போனது.

மேற்பார்வை அக்கா ஆய்வாளரின் கையைப் பிடித்தாள். "காஜாக்கா" என்று கிசுகிசுத்தாள். "தொண்டை கட்டின குரல். பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவ. கதவைக் கடைசி வரைக்கும் தட்டினது அவதான். நான் இந்தப் பக்கம் நின்னு கேட்டேன் மேடம். சாவி எங்கிட்ட இல்ல."

"நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தாறு."

நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் இறங்கின பிறகு வந்த கடைசிக் குரல் மிகச் சிறியது. படிக்கட்டை நம்பாதவள்போல், நின்று நின்று வந்தது.

"நாப்பத்தொம்பது."

படிவத்தைப் பார்த்தாள். அவள் கையே நாற்பத்தொன்பது கோடுகள் போட்டிருந்தது.

முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையின் முனையில், யாரும் சொல்லாமலே கொஞ்சம் இடம் விட்டு விலகி நின்றிருந்தார்கள். அங்கே புழுதியில் ஆறு ஜோடி வெறுங்கால் தடங்கள். விரல்கள் வெளிக்கதவைப் பார்த்திருந்தன. அதற்கு மேல் ஓர் அடிகூட நகரவில்லை.

ஆலை மணிக்குப் பழகின கால்கள். மணி அடிக்கக் காத்திருக்கின்றன.

மூன்று வருடமாக இறந்தவர்கள் தன்னைத் திட்டுவார்கள், பழி கேட்பார்கள் என்றே பயந்திருந்தாள். அவர்களோ வரிசையில் வந்து, எண்ணைச் சொல்லிவிட்டு, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று நிற்கிறார்கள்.

மேலாளர் வியர்த்துப்போய் அருகில் வந்தார். அவரும் கேட்டிருக்கிறார். "நாப்பத்திமூணுன்னு எழுதிட்டு மணியை அடிச்சிடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடிச்சா... வந்ததெல்லாம் வந்த வழியே மேல போயிடும் இல்ல?"

போய்விடும். அதே மாடிக்கு, அதே கதவுக்கு உள்பக்கம்.

"கதவு நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நாளைக்கு இவங்க வேலைக்கு வரட்டும்" என்றாள். "இப்ப எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க. வெளிக்கதவைத் திறந்தே வைங்க."

"மணி மேடம்? குடுங்க, நானே அடிச்சிடறேன்."

அவர் கையை நீட்டினார். சத்தம் வராமல் மணியின் நாக்கை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டாள். சுட்டது. விடவில்லை.

"அடிக்க மாட்டேன்" என்றாள், காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து.