டெல்ஃபின் வாங்கிய பேட்டரிகள்

லோர்னா சமையலறைக்குள் வந்தால் விளக்கு மங்கியது. அணையவில்லை, துடிக்கவில்லை. வேண்டாத விருந்தாளியைக் கண்டதும் முகம் சுருங்குமே, அதுபோல லேசான ஒரு சுருக்கம். பீன்ஸ் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனால், முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று நிமிர்ந்துகொண்டது. வேண்டுமென்றே உப்பெடுக்க ஒரு தடவை, கரண்டியெடுக்க ஒரு தடவை என்று போய்வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான்.

"ராய்ஸ், நான் உள்ள வந்தா விளக்கு மங்குது."

மேசையருகே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தலை நிமிரவில்லை. "உனக்குத்தான் அப்படித் தோணுது, டெல்..." என்று ஆரம்பித்தவன், நாக்கைக் கடித்து, "லோர்னா" என்று முடித்தான்.

டெல்ஃபின் அவனுடைய முதல் மனைவி. செத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் செத்த சக்களத்தியோடு எப்படிச் சண்டை போடுவது? உயிரோடு இருந்தால் முடியைப் பிடித்தாவது இழுக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மின்கம்பம் எட்டிக்கூடப் பார்க்காத இந்தப் புதர்க்காட்டு நிலத்தைத் தேடிப் பிடித்து வாங்கியவள் அவள்தான். சொந்தமாக மின்சாரம் செய்து வாழ வேண்டும் என்ற கிறுக்கும் அவளுடையதுதான். ஆசை அவசரத்தில் நாலு பேட்டரியை முதலில் வாங்கி வைத்துவிட்டாள். சோலார் பேனல் வாங்கக் கையில் பணம் சேர்வதற்குள், நெஞ்சில் சளி கட்டி, மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் செத்துப்போனாள்.

பேனல்களை வாங்கியவள் லோர்னா. பியூப்ளோ நகரத்தில் சொந்தமாக வைத்திருந்த முடிதிருத்தும் கடையை விற்று, பேனல், இன்வெர்ட்டர், புதிதாக நாலு பேட்டரி என்று எல்லாவற்றையும் இறக்கினாள். இலையுதிர் காலத்தில் இரண்டு பேருமாகக் குழி தோண்டி, தெற்கே பார்த்துச் சட்டம் நட்டு, கை கொப்பளிக்கக் கம்பி இழுத்தார்கள். கடைசி நாளில் ராய்ஸ் கொட்டகையின் மூலையிலிருந்து அந்தப் பழைய நாலையும் தூக்கி வந்தான். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்து, "அவ ஆசையா வாங்கினது, சும்மா கிடக்க வேணாமே" என்று புதுசோடு சேர்த்து ஒரே வரிசையில் மாட்டினான். முதல் விளக்கு எரிந்தபோது அவன் கண் கலங்கியது. பார்வையோ லோர்னாமேல் இல்லை, எதிரே இருந்த காலி நாற்காலியில் இருந்தது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கடையை விற்றது நான், கண்ணீர் அவளுக்கா?

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் அவன் கொட்டகைக்குப் போனான். பேட்டரி பார்க்கிறானாம். பேட்டரியைப் பார்க்க அவ்வளவு நேரமா? ஒருமுறை பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள். உள்ளே அவன் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், நடுநடுவே சிரித்தான். அவளிடம் அப்படிச் சிரித்தே மாதக்கணக்காகிவிட்டது.

பக்கத்து நிலத்துக்காரி சேலோ முட்டை கொண்டுவந்த காலையில் லோர்னா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"பழசையும் புதுசையும் ஒண்ணாக் கட்டினானா உன் புருஷன்?" சேலோ தொடையில் தட்டிச் சிரித்தாள். "எங்க வீட்டு மகராசனும் மொதல்ல இதே கூத்துதான்டி பண்ணினான். பழசு புதுசை உறிஞ்சிக் குடிச்சிடும். கடைசில மொத்தமும் சேந்து சாகும்."

"பழசு சாகலையே சேலோ. நான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். பழசு தளும்பத் தளும்ப நெறஞ்சிருக்கு. புதுசுதான் காலி."

சேலோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படி ஆகாதே." பிறகு லோர்னாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ ஏன்டி இப்படி வெளுத்துக் கெடக்குற? சாப்பிடுறியா இல்லையா?" கையைத் தொட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அம்மாடி, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு!"

"குளிர்காலம்தானே."

"எனக்கும் அதே குளிர்காலம்தான்." சேலோ மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கழட்டி எறிஞ்சிடு. பொழுது சாஞ்சப்புறம் பண்ணு, வெயில் இருக்கறப்போ வேணாம். மெயின் சுவிட்சை மொதல்ல ஆஃப் பண்ணிடு. பன்னெண்டு வோல்ட்டுதான், ஆளைப் பிடிக்காது, பயப்படாத."

லோர்னா ராய்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் பார்த்தாள்.

"அந்த நாலை மட்டும் தொடாதே."

"எனக்குன்னு இந்த வீட்டுல என்ன இருக்கு ராய்ஸ்?"

"அதான் எல்லாம் இருக்கே" என்றான் அவன், அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு. பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிப் போனான்.

எல்லாம் இருக்காம். அந்த வார்த்தை பகல் முழுக்க அவளுக்குள் கிடந்து அரித்தது. இன்றைக்கு டெல்ஃபினின் நாலு பேட்டரியும் வெளியே பனியில் கிடக்கும், இல்லாவிட்டால் நான் பியூப்ளோ பஸ்ஸில் இருப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டாள். மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, பேனல்களின் கண்ணாடி கறுத்ததும், ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு புதர்களுக்கு நடுவே கொட்டகைக்கு நடந்தாள். காற்று அடங்கிவிட்டிருந்தது. காலுக்கடியில் பனி நொறுங்குவதைத் தவிர வேறு சத்தமில்லை.

கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. தண்ணீர்க் குடம் உறைந்து விரிசல் விடுகிற குளிரில், அந்தத் தகரக் கொட்டகை மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கைபோல் சூடாக இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். அது பேட்டரிக்கு உள்ளதுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு மணம், பெண்கள் குளித்துவிட்டுப் பூசும் பவுடர் மணம். லோர்னா பவுடர் போடுவதில்லை. அந்த மணத்தோடு சேர்ந்து ஒரு சத்தமும் வந்தது. கொதி வந்த கஞ்சிபோல் மெல்லிய களக் களக். வெயில் ஏறி மின்சாரம் பாயும்போது பேட்டரி அப்படிக் கொதிக்கும், அது அவளுக்குத் தெரியும். இப்போது வெயில் இல்லை. பழைய நாலும் கொதித்துக்கொண்டிருந்தன.

எதைக் குடித்துக் கொதிக்கின்றன?

"இரு, உனக்கு இருக்கு" என்றாள் உரக்க. தன் குரலே அவளுக்குத் துணை.

டார்ச்சைச் சுவிட்சைப் பார்க்க எரியவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கினாள். திறந்த கதவு வழியாகத் தெரிந்த சமையலறை ஜன்னல் இருண்டது. நல்லது. பழசையும் புதுசையும் இணைத்த தடித்த கம்பியில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். ஒரு முனை கழன்றது. மறு முனையும் கழன்றது. கம்பியைச் சுருட்டித் தரையில் வீசினாள். தொலைந்தாள் சக்களத்தி என்று மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

சத்தம் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். கால் தடுமாறியது. விழாமல் இருக்க இடது கையைப் புதுசின்மேல் ஊன்றினாள். வலது கை பழசின்மேல் பட்டது.

கை வரவில்லை.

இழுத்தாள். வரவில்லை. ஷாக் அடிக்கவில்லை, சுடவில்லை, வலிக்கக்கூட இல்லை. இரண்டு ஈய முனைகளைச் சுற்றி அவளுடைய விரல்கள்தான் இறுகியிருந்தன. பன்னிரண்டு வோல்ட். ஆளைப் பிடிக்காது. சேலோ சொன்னாளே. அப்போதுதான் பார்த்தாள். கம்பி இருந்த இடத்தில் இப்போது அவள் இருந்தாள்.

இடது தோளிலிருந்து வலது தோளுக்கு ஏதோ ஊர்ந்தது. மெதுவாக. பொறுமையாக. ருசித்து.

பழைய நாலும் சந்தோஷமாகக் கொதித்தன.

சமையலறை விளக்கு எரிந்தது.

சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஜன்னலில் வெளிச்சம். அவள் ஒருநாளும் பார்த்திராத வெள்ளை வெளிச்சம். அதற்குள் ஓர் உருவம் குறுக்கே போனது. திரும்பி வந்தது. உயரமான பெண். அவள் போகிற இடமெல்லாம் விளக்கு இன்னும் பிரகாசமானது.

வண்டிச் சத்தம். ராய்ஸ்! கத்தினாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. வீட்டுக் கதவு திறந்தது. அவன் வாசலிலேயே நின்றான். பார்க்கட்டும். அலறட்டும். ஓடி வரட்டும்.

அவன் தொப்பியைக் கழற்றினான். விம்மினான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு. கொட்டகைச் சிரிப்பு. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு.

உடம்பில் பாதி போய்விட்டது. காலில்லை. வயிற்றில் அந்த எரிச்சல் மட்டும் மிச்சம். அதுவும் கையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

பனி நொறுங்கியது. ராய்ஸ் வந்தான், கையில் தண்ணீர் கேன். லோர்னா கண்ணால் கெஞ்சினாள். அவன் டார்ச்சை எடுத்து வரிசையாக அடித்துப் பார்த்தான். பழசு. புதுசு. நடுவில் அவள். வெளிச்சம் ஒரே அளவு நேரம் எல்லாவற்றின் மேலும் நின்று நகர்ந்தது. மூடிகளைத் திருகித் திறந்தான். பழைய நாலுக்கும் சிந்தாமல் ஊற்றினான். பிறகு புதுசுக்கு.

"எல்லாம் சரியா இருக்கா?" வாசலில் பவுடர் மணம்.

"ம். இந்தக் குளிர்காலம் தாங்கும்."

அவன் லோர்னாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தான். குளிர்ந்த, ருசியே இல்லாத நீரைத் தொண்டை நிரம்பும் வரை ஊற்றினான். உதட்டோரம் வழிந்ததைத் துணியால் பதமாக ஒற்றியெடுத்தான்.