பிரேக்கைத் தொடாதீங்க மாமா!

டெலிபோன் அலறியது.

மாஸ்டர் எடுக்கவில்லை.

உடனே எடுத்தால் காத்திருந்த மாதிரி ஆகிவிடும் அல்லவா? கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கிப் பார்த்தார். உதடு நன்றாகவே துடித்தது. கண்ணீர் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

போகட்டும்... போனில் கண்ணீர் தெரியாது!

எடுத்தார்.

"ஹலோ... அக்கா... சொல்லுக்கா..."

"அக்கா இல்லடா மாப்ளே. நான்தான்!"



இந்நேரம் செத்துப்போயிருக்க வேண்டிய அக்கா புருஷன் பேசுகிறார்!

"மாமா... நீங்களா... எப்படி?"

"எப்படின்னா? போன்லதான்! டேய், இந்த வண்டி என்னைப் படுத்தி எடுக்குதுடா. கிளட்சை விட்டா ஒரே குதி, அப்படியே நின்னுடுது. காலையிலேர்ந்து ஷெட்லேர்ந்து கேட் வரைக்கும்கூட வரலை. உடனே கிளம்பி வா!"

அப்பாடா... இன்னும் கேட்டையே தாண்டவில்லை!

மாமா பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க ஆட்டோமேடிக் வண்டி ஓட்டியவர். ஐம்பது தாண்டியதும் எந்தப் பேய் பிடித்ததோ, சிவப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டார். இரண்டே சீட். நானூறு குதிரை சக்தி. கையால் கியர்! 'இதே வண்டி ஆட்டோமேடிக்லயும் இருக்கு சார்' என்று சேல்ஸ்மேன் மெல்லச் சொன்னபோது, 'என்னைப் பார்த்தா கிழவனாத் தெரியுதா?' என்று எகிறினாராம்.

அந்தக் காரை வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டதும் அதே சேல்ஸ்மேன்தான்!

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் அவர் புண்ணியத்தில் வந்தது. அந்த ஸ்கூல் இருக்கிற மைதானம் மாமாவுடையது. 'காலி பண்ணு மாப்ளே, அங்கே பெரிய பல் ஆஸ்பத்திரி கட்டப்போறேன்' என்று மாமா சொன்ன அன்றே மாஸ்டருக்குத் தூக்கம் போய்விட்டது. மாமா போனால் இடம் அக்காவுக்கு. அக்காவுக்கு என்றால் தம்பிக்கு!

நேற்று சாயங்காலம் அக்கா சமையலறையில். மாமா குளியலறையில். மாஸ்டர்... காருக்கு அடியில்!

பிரேக் பைப்பை அறுத்தார். வடிந்த ஆயிலைப் பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக் கேபிளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர். கேட்டைத் தாண்டினால் செங்குத்துச் சரிவு. அதில் இரண்டு வளைவு. அடியில் லாரிகள் பறக்கும் மெயின் ரோடு...

கேட்டைத் தாண்டினால்தானே!

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

*

அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"வாடா. இவர் ஓட்டட்டும். நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடு."

"நானா? எனக்கு முதுகு வலிக்கா..."

"நாள் முழுக்கக் கார்லயேதானேடா உட்கார்ந்திருக்கே?"

"அதனாலதான் வலி!"

"சரி, நீ ஏற வேண்டாம்." அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நானே ஏறிக்கறேன். என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஆகட்டும்!"

மாஸ்டரின் மூளை பரபரத்தது. அக்காவும் போய்விட்டால் இடம் யாருக்கு? மாமாவின் தங்கச்சிக்கு! அந்தம்மா லேசுப்பட்டவள் இல்லையே...

"சேச்சே! நீ எதுக்குக்கா சிரமப்படறே? நானே போறேன்."

ஏறி உட்கார்ந்தார். முற்றத்திலேயே நாலு தடவை என்ஜினை நிறுத்தவைத்து, 'இன்னிக்கு இது போதும்' என்று இறங்கிவிடலாம். மாமாவின் லட்சணத்துக்கு அது என்ன பெரிய காரியமா?

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா? என் தம்பி ஏறிட்டான்!" என்றாள் புருஷனிடம்.

"ஏறிட்டான்... இறங்கற வரைக்கும் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அவர் போனைத் தட்டினார். காரின் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கரகரத்தது.

"உங்கக்கா லைன்லயே இருக்காளாம்டா. பயமாம்!"

"இருக்கட்டும் மாமா. ஸ்டார்ட் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்போ கிளட்சைப் பட்டுனு விடுங்க!"

"மெதுவாத்தானே விடணும்?"

"அதெல்லாம் சாதா வண்டிக்கு. ஸ்போர்ட்ஸ் கார்ல பட்டுனுதான்!"

கார் தவளையாய் ஒரு குதி குதித்து நின்றது.

"பிரமாதம்! இன்னொரு தடவை..."

இன்னொரு குதி. இன்னொரு நிறுத்தம்.

"போதும் மாமா. என்ஜின் சூடாயிடுச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"இருடா. என் வழியில ஒருதரம் போட்டுப் பார்க்கறேன். காலையில ஷெட்டுக்குள்ள என்ஜின் போடாம உட்கார்ந்து ரொம்ப நேரம் பழகினேன்டா. வாயாலயே டுர்ர்ருனு சத்தம் போட்டுக்கிட்டு!"

மாஸ்டர் சிரித்தார்.

அடுத்த நொடி சிரிப்பு உறைந்தது.

கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது... கேட்டைத் தாண்டியது... மூக்கைச் சரிவில் கவிழ்த்தது!

"மாமா! எங்கே போறீங்க?"

"கீழேதான். கார் வாங்கினது முற்றத்துல சுத்தவா?"

"திரும்புங்க!"

"இந்தச் சந்துல எப்படிடா திரும்பறது? அதை இன்னும் நீ சொல்லியே தரலையே!"

வேகம் ஏறியது. பல் டாக்டரின் கால் எங்கே போகும் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

"பிரேக்கைத் தொடாதீங்க மாமா!"

"ஏன்டா?"

"அது... சரிவுல பிரேக் பிடிக்கக்கூடாது. கியர்லதான் இறக்கணும். செகண்டுக்கு வாங்க! கிளட்ச்... இப்போ கியர்... கிளட்சை மெல்ல விடுங்க... மெல்ல... என் ராசா, மெல்ல!"

என்ஜின் உறுமியது. கார் அடங்கியது. முதல் வளைவு பத்திரமாக வந்து போனது.

தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து மாஸ்டர் இவ்வளவு அக்கறையாக யாருக்கும் பாடம் எடுத்ததில்லை!

"ஏன் மாப்ளே, ஊர்ல எல்லாருக்கும் 'பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி'ன்னுதானே கத்துவே? எனக்கு மட்டும் ஏன் புதுசாச் சொல்றே?"

"நீங்க எங்க சொந்தக்காரர் மாமா!"

"ஆமா, உன் கால் ஏன் அங்கே துடிக்குது?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக்க தோஷத்தில், இல்லாத அந்தப் பிரேக்கை இங்கே மிதித்துக்கொண்டிருந்தார். கால்மிதி சுருண்டு மூலைக்குப் போயிருந்தது.

"இப்போ ஃபர்ஸ்டுக்கு வாங்க மாமா. ஃபர்ஸ்டுக்கு வந்தா தப்பிச்... தப்பில்லாம இறங்கிடலாம்."

டாக்டர் கிளட்சை மிதித்தார். கியரை இழுத்தார். ஏதோ ஒரு 'களுக்'...

என்ஜின் சத்தம் காணாமல் போனது. கார் பறந்தது!

"மாப்ளே! கியர் எதுலயும் விழலைடா! நியூட்ரல்ல நிக்குது!"

"போடுங்க! எதுலயாவது போடுங்க!"

"போக மாட்டேங்குது! வேகமா வேற போகுதேடா!"

இரண்டாவது வளைவு டயர் கிறீச்சிட வந்து போனது. கீழே மெயின் ரோடு. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது. அதன் பின்னால் இன்னொன்று...

"பிரேக் போடறேன்!"

"பிரேக் இல்ல மாமா!"

"என்னது?"

"பிரேக் இல்ல! சுவத்துல இடிங்க! மரத்துல விடுங்க! ஐயோ, என்னை இறக்கி விடுங்க!"

"நான் இன்னும் ஒருதரம்கூட மிதிக்கவே இல்லையேடா. இல்லைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தானே நேத்து பைப்பை அறுத்தேன்!"



டாக்டர் காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்தார். அமுக்கினார்.

கார் குழந்தை மாதிரி நின்றது.

மெயின் ரோட்டுக்கு இன்னும் ஒரு வீட்டுத் தூரம் இருந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். மாமாவைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். மறுபடியும் மாமாவைப் பார்த்தார்.

"பி... பிரேக் பிடிக்குது..."

"பிடிக்காம? காலையில மெக்கானிக் வந்து புது பைப், புது கேபிள் எல்லாம் போட்டுட்டுத்தானே போனான்!"

"ஆனா... எப்படி..."

"சொன்னேனேடா, ஷெட்டுக்குள்ள உட்கார்ந்து பழகினேன்னு. கியர் வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் நேரா ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிருப்பான், செத்திருப்பான். தெரியாதவன் நான், மூணு பெடலையும் மாத்தி மாத்தி மிதிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். நடுப் பெடல் மெத்தை மாதிரி உள்ளே போச்சு!"

மாஸ்டர் அந்த நடுப் பெடலையே பார்த்தார்.

"ஷெட் சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. நான், உங்கக்கா, நீ. உங்கக்காவை 'வா, சரிவுல ஒரு ரவுண்டு போகலாம்'னு கூப்பிட்டேன். அடுத்த நிமிஷம் சீட்ல உட்கார்ந்து 'போங்க'ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. 'என் தம்பியும் இப்படித்தான் ஏறுவான், வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க'ன்னு சண்டை போட்டா. ஏறவும் ஏறினே. அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

ஸ்பீக்கர் கரகரத்தது.

"டேய்..."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா லைனில் இருந்ததே மறந்துபோயிருந்தது!

"நேத்து சாயங்காலம் என் கையால காப்பி வாங்கிக் குடிச்சுட்டுத்தானேடா போனே? கேட்டிருந்தா அந்த இடத்தை இவர்கிட்ட சண்டை போட்டு வாங்கிக் குடுத்திருப்பேனேடா... பாவி..."

அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

கண்ணாடி முன் வராத கண்ணீர் மாஸ்டருக்கு இப்போது கேட்காமலேயே வந்தது.

மரத்தடியில் நின்ற போலீஸ் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர். அந்தப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அதே போன் லைன்ல நானும் சேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். டாக்டர் சொன்னப்போ நம்பலை மாஸ்டர். பல் டாக்டருக்கு எல்லாமே சொத்தையாத்தான் தெரியும்னு நெனைச்சேன். இறங்குங்க."

மாஸ்டர் இறங்கினார். கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கையில் விலங்கு விழுந்தது.

"அந்த நியூட்ரல் பயங்கரமான நடிப்பு டாக்டர்! அதுலதான் ஆள் உடைஞ்சான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடிப்பா?" டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சத்தியமா அது தெரியாமத்தான் விழுந்துச்சு!"

ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது. டாக்டர் காரைத் தட்டுத்தடுமாறித் திருப்பினார். மூக்கை மேட்டைப் பார்த்து வைத்தார். வீட்டில் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். சீக்கிரம் போக வேண்டும். கிளட்சை விட்டார்.

ஒரு குதி. கார் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது...

"டாக்டர்! ஜீப்! ஜீப்!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

தக்க சமயத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார் டாக்டர். மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் குதி. மறுபடியும் ஜீப்பை நோக்கி ஒரு முழம் உருளல்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்ஸ்பெக்டர், ஒரு சின்ன உதவி. என் மைத்துனனை வீடு வரைக்கும் கொஞ்சம் கடன் குடுங்க. மேட்டுல வண்டியை எடுக்கறது எப்படின்னு இன்னும் சொல்லித் தரலை. விலங்கைக் கழட்ட வேண்டாம்... வாய் சும்மாத்தானே இருக்கு!"