சரிவுக்கு அந்தப் பக்கம் அம்மா

சென்ஸி அம்மாவைப் பார்த்து இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது.

குளிர்காலம் முழுக்க அம்மாவுக்கு மேலே மலைவிடுதியில்தான் வேலை. ஏறி வருகிறவர்களுக்குச் சூப் காய்ச்சிக் கொடுப்பார், படுக்கை போட்டுக் கொடுப்பார். இன்று அம்மாவின் பிறந்தநாள். அதற்காகச் சென்ஸியே கசகசா கேக் செய்திருந்தாள். அடி கொஞ்சம் கருகிவிட்டது.

"கவலைப்படாதே. கருகினதெல்லாம் என் பங்கு" என்றார் அப்பா.

இருவரும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார்கள். மூன்று மணி நேரம் ஏறிய பிறகு கடைசிச் சரிவு வந்தது. அதைக் குறுக்கே கடந்தால் விடுதி. புகைபோக்கியில் புகைகூடத் தெரிந்தது. சென்ஸிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது காலுக்கடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம். பெரிய மெத்தையில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தது போல இருந்தது. பனி ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. கட்டையின் முனையிலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று விறுவிறுவென்று ஓடியது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். அந்தச் சத்தம் என்னவென்று அவர்கள் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். பனிக்குள்ளே ஓர் அடுக்கு பிடிப்பில்லாமல் கிடக்கிறது. மேலே இருக்கும் பனி மொத்தமும் எந்த நேரமும் சரிந்து ஆளை மூடிவிடலாம்.

அப்பா சரிவைப் பார்த்தார். பிறகு சென்ஸியின் முகத்தைப் பார்த்தார்.

"அதோ பாரு, யாரோ போன தடம் இருக்கு. நாமளும் ஒவ்வொருத்தரா மெதுவா போயிடலாமா?"

சென்ஸி உற்றுப் பார்த்தாள். "தடம் பாதி மூடிக் கிடக்குப்பா. அவங்க காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி போனவங்க. மேல இருக்கிறது ரெண்டு நாளா காத்து கொண்டுவந்து கொட்டின பனி, அது இன்னும் அடியோட ஒட்டல."

"தெரியுதுடா கண்ணு. ஆனா இன்னைக்கு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னு உனக்கு வாக்குக் கொடுத்துட்டேனே..." அப்பா விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தனக்காகத்தான் அப்பா போகப் பார்க்கிறார் என்று சென்ஸிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பக்கத்தில் அம்மா!

மலைக்குப் போகும்போது அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட வருகிறவர்களில் யார் 'வேண்டாம்' என்றாலும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

"வேண்டாம்ப்பா" என்றாள் சென்ஸி.

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. கட்டைகளைத் திருப்பினார். வழியெல்லாம் சென்ஸி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

கீழே ஒரு வளைவில் திரும்பியதும் அப்பாவின் கைபேசி அலறியது. மேலே அவ்வளவு நேரமும் சிக்னலே இல்லை. சென்ஸி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா! கிட்ட வந்துட்டுத் திரும்பிட்டோம்மா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். அந்தச் சரிவுல பனி சரிஞ்சு விழுந்துச்சா?"

"இல்லடி செல்லம். அப்படியேதான் இருக்கு."

சென்ஸியின் முகம் வாடியது. "அப்ப நாங்க வந்திருக்கலாமோ?"

"வந்திருக்கலாமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? நான் தொலைநோக்கியில பாத்துக்கிட்டே இருந்தேன். சரிவு ஓரத்துல ரெண்டு புள்ளி. போன் போட்டேன், போகல. கத்தினேன், உங்களுக்குக் கேக்கல."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு புள்ளியும் திரும்புச்சு பாரு, அப்பதான்டி நான் உட்கார்ந்தேன்."