மூன்றாவது பியூஸ் கட்டை

பியூஸைப் பிடுங்கியாகிவிட்டது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முனிரத்தினம் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தான். உத்திரமேரூர் பஜாரில் வாங்கிய ஜீரோ வாட் பல்பு. அதிகம் படித்த பல்பு இல்லை. தண்ணீரில் கரண்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏரி நடுவில்தான் தெருவுக்கான குடிநீர்க் கிணறு. மழைக்கு ஏரி நிரம்பிவிட்டால் கிணற்றின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்கும். கரையிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் சேற்றில் படுத்துக்கொள்ளும். அந்தக் கேபிள் எங்கோ ஒழுகியது. மோட்டாரை ஓட்ட ஸ்டார்ட்டரைத் தட்டினால், பிடித்து நிற்காமல் உடனே விழுந்தது. தெருவில் குடங்கள் காய்ந்து கிடந்தன, பெண்கள் பஞ்சாயத்து மோட்டார்க்காரன் என்ற முறையில் முனிரத்தினத்தின் பரம்பரையையே விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனவே விடிந்ததும் விடியாததுமாக, மார்கழிப் பனிக்குள், டிராக்டர் டியூப் மேல் பலகை கட்டிய தெப்பத்தில் அவன் ஏரிக்குள் வந்திருந்தான். கையில் ஒரு மூங்கில் கழி. அதன் இரண்டு முனையிலும் செம்புக் கம்பி, நடுவில் பல்பு. இரண்டு கம்பியையும் தண்ணீரில் நனைத்தால், ஒழுகும் இடத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடும். இந்த முறையை எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்ளமாட்டார். தண்ணீர் கேட்டு அவர்கள் தெருவில் யாரும் கத்துவதும் இல்லை.

கரையில், ஸ்டார்ட்டர் கொட்டகையில் அவன் மனைவி திலகா. மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகளில் இரண்டு அவன் இடுப்பு மடிப்பில் இருந்தன, மூன்றாவது அவளிடம். ஒன்றைச் சொருகினாலே கேபிளில் கரண்ட் வரும், மோட்டார் ஓட மூன்றும் வேண்டும். தெப்பத்தில் வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டை அவன் ஸ்பேனரால் ஒருமுறை அடித்தால் அவள் அதைச் சொருகவேண்டும். இரண்டுமுறை அடித்தால் பிடுங்கவேண்டும். பிடுங்கியபின் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, படியிறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டும். சொருகியதும் ஒருமுறை, பிடுங்கியதும் இரண்டுமுறை, கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பதிலுக்கு அடிக்கவேண்டும்.

தண்ணீரில் நிற்பது முனிரத்தினம் போட்ட சட்டம். போன மழைக்காலத்தில் இதே வேலைக்கு இதே ஏரியில் முங்கிய பச்சமுத்து கேபிளைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்தவன் அவன் மேலே வந்துவிட்டதாக நினைத்துக் கட்டையைச் சொருகிவிட்டான். பச்சமுத்து ஜாயின்ட்டைப் பிரமாதமாகப் போட்டிருந்தான். மேலே வரத்தான் இல்லை, இன்றுவரை.

"அதுக்கு நான் இன்னாத்துக்கு தண்ணில நிக்கணும்? கரையில குந்திக்கினு வச்சிருந்தா பத்தாதா?" என்று கிளம்பும்போது திலகா கேட்டாள்.

"தண்ணில நிக்கிறவ மறந்துகூட கரண்ட் போடமாட்டா."

"பொண்டாட்டி மேல அவ்ளோ நம்பிக்கை."

"உன் மறதி மேல."

"குளுருல வெறைச்சுப் போனேன்னா சோத்துல உப்பு போட ஆளு கெடையாது மாமா."

"இப்ப மட்டும் போடுறியா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினாள்.

இப்போது பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"திலகா! கட்டை கையில கீதா?"

"கீது மாமா! சீக்கிரம் ஆவட்டும், காலு மரத்துப்போச்சு!" பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. கரை தெரியவில்லை. தெப்பத்தின் மறுமுனையே மங்கலாகத்தான் தெரிந்தது. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும், அதற்கடியில் ரப்பர் கருகினாற்போல் ஒரு வாடையும், எங்கிருந்தோ ஒரு நீர்க்கோழி அடைத்த தொண்டையால் இரண்டுமுறை கூப்பிட்டுப் பிறகு யோசித்து நிறுத்திக்கொண்டதும், எல்லாம் தெப்பத்தைச் சுற்றியே நின்றன.

வேறெங்கிருந்தாவது கரண்ட் வரும் என்று பார்த்தால், ஏரிக்குள் வேறு கம்பியே கிடையாது. அவன் வெளிச்சம் கூடும் பக்கமாகத் தெப்பத்தைத் தள்ளினான். கூடியது. பிறகு தள்ளாமல் நின்றான். அப்போதும் கூடியது.

லீக் ஓரிடத்தில் இருக்கும். திருட்டுப்பயல் போல் இடம் மாறாது, அதுதான் அதற்குள்ள ஒரே நல்ல குணம். இது நடந்து வந்தது.

மஞ்சளாக இருந்த வெளிச்சம் வெளுத்தது. தண்ணீரில் விரல் நீளக் கெண்டைகள் வயிறு மேலாக மிதந்து வந்தன. டியூப் ஒருமுறை நடுங்கியது, யாரோ அடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போனதுபோல. பிறகு வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. கடந்துவிட்டது. அவன் கழியைத் திருப்பித் திருப்பி நனைத்தான். கிணற்றுப் பக்கம் இருட்டு. மறுபக்கம் வெளிச்சம்.

மறுபக்கம் கரை. படி. முழங்கால் தண்ணீரில் திலகா.

"வெளியே வா! தண்ணிய வுட்டு மேல ஏறு!"

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி முழங்க ஆரம்பித்தது. "இன்னா? கேக்கல மாமா!" என்று அவள் கத்தியது அதற்குள் கரைந்துபோனது. அவன் தொண்டை கிழியக் கத்தினான். தெப்பம் தள்ளும் இன்னொரு கழியை ஊன்றித் தள்ளினான். சேறு அதைப் பிடித்துக்கொண்டது.

மேலே ஏறு என்பதற்குச் சைகை இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று சட்டம் போட்டவனுக்குத் தோன்றவில்லை. அவளைத் தண்ணீரிலிருந்து கிளப்ப ஒரே வழி, ஒருமுறை அடிப்பது. அடித்தால் கொட்டகைக்குப் போவாள். கட்டையைச் சொருகுவாள். தெப்பம் முழுக்க நனைந்திருந்தது, அவனும் நனைந்திருந்தான்.

சொருகினால் அவனுக்கு. சொருகாவிட்டால் அவளுக்கு.

காலை மடக்கிக்கொண்டு ஒருமுறை அடித்தான்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தான்.

ஒலிபெருக்கி நின்றது. பனிக்குள்ளிருந்து, டங். ஒரே ஒரு அடி.

ஏறிவிட்டாள். சொருகிவிட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஷாக்குக்குக் காத்திருந்தான். வரவில்லை. பல்பைப் பார்த்தான். இருட்டாக இருந்தது. கட்டை சொருகியபின் எரியவேண்டிய பல்பு.

"திலகா! மேல ஏறிட்டியா?"

டங்.

"நல்லாத்தான கீறே?"

டங்.

"வாயத் தொறந்து சொல்லு!"

டங்.

பல்பில் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. பிறகு மஞ்சள். கரைப் பக்கமிருந்து வந்தது. மெதுவாக. எதையோ சுமந்துகொண்டு வருவதைப்போல மெதுவாக. அவன் பல்புக் கழியைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பலகைமேல் போட்டான். பலகைமேலும் எரிந்தது.

டியூபில் ஏதோ இடித்தது.

கை. பச்சைக் கண்ணாடி வளையல். மூடிய விரல்களுக்குள் வெள்ளையாகப் பீங்கான்.

அவன் பற்றிக்கொண்டான். இழுத்தான். வரவில்லை. பல்பு வெளிச்சத்தில் தண்ணீருக்குள் அவள் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. முடி மட்டும் அசைந்தது. "திலகா. திலகா. ஏ திலகா." மறு கை தானாக இடுப்பைத் தடவியது. இரண்டும் இருந்தன. மூன்றாவது இவள் கையில்.

கொட்டகையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. மோட்டார் உறுமியது. விழவில்லை.

தெருப்பக்கம் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. "தண்ணி வந்துச்சுடீ! ஓடியா!" யாரோ கைதட்டினார்கள். முனிரத்தினம் அவள் கையை விடவில்லை.

டங். டங்.

உறுமல் நின்றது.

பிறகு கரையில் யாரோ படியிறங்கினார்கள். தண்ணீரில் ஒரு கால் விழுந்தது. இன்னொரு கால். இடைவெளி விட்டு, அவசரமில்லாமல், இன்னொன்று.

அந்தக் கால்கள் முழங்கால் அளவோடு நிற்கவில்லை.